மொட்டை மாடியில் எட்டு போடும் பெண்: எடையையும் உடற்பயிற்சியையும் பெண்ணியம் எப்படிப் பார்க்கிறது?

ஆறு மாதம் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்க்கிற சித்தி, பெண்ணிடம் முதலில் பேசுவது பெரும்பாலும் உடம்பைப் பற்றித்தான். “என்னடி, சதை போட்டுட்ட?” இல்லையென்றால் “என்ன இப்படி இளைச்சுப் போயிட்ட, ஒழுங்கா சாப்பிடறியா இல்லையா?” பக்கத்திலேயே அவள் அண்ணன் நிற்பான். அதே ஆறு மாதத்தில் அவனுக்கும் சட்டைப் பட்டனை இழுத்துப் பிடிக்கிற அளவுக்குத் தொப்பை விழுந்திருக்கும். அவனிடம் கேட்பது “வேலையெல்லாம் எப்படிப்பா போகுது?” என்று. தொப்பையைப் பற்றிப் பேச்சு வந்தாலும் “மாமியார் வீட்டுச் சாப்பாடு நல்லா ஒத்துக்கிச்சு போல” என்ற கிண்டலோடு முடிந்துவிடும்.

இரண்டு பேருக்கும் ஏறியது ஐந்து கிலோதான் என்று வைத்துக்கொள்வோம். அண்ணனுக்கு அது வேடிக்கை. தங்கைக்கு அது நடத்தைச் சான்றிதழ். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது, பெண்களின் உடம்பையும் நாளையும் அது என்ன செய்கிறது என்று கேட்பதுதான் இந்த விஷயத்தில் பெண்ணியப் பார்வை.

ஆனால் இதைப் பற்றிய பேச்சு இரண்டு பக்கமும் தடம் புரண்டு கிடக்கிறது. ஒரு பக்கம், “குண்டா இருந்தா நல்லதுன்னு சொல்றாங்க, டாக்டர் பேச்சைக் கேட்காதேங்கறாங்க” என்று பெண்ணியத்தைக் கிண்டல் செய்கிறவர்கள். இன்னொரு பக்கம் ஜிம் விளம்பரங்கள். இளஞ்சிவப்பு டம்பெல்லைக் கையில் கொடுத்து, மூன்று மாதக் கட்டணத்தைக் கட்டு, இதுதான் பெண் விடுதலை என்கின்றன. எனக்கு முதல் கூட்டத்தைவிட இரண்டாவதன்மேல்தான் கடுப்பு அதிகம். கிண்டல் செய்கிறவர் காசு கேட்பதில்லை.

சரி, அடிப்படையிலிருந்து வருவோம்.

## ஆரோக்கியம், வலிமை, தோற்றம்

ஆரோக்கியம் என்றால் இரத்தச் சர்க்கரை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், எலும்பு, தூக்கம். வலிமை என்றால் இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்க்க முடிகிறதா, இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்பது. தோற்றம் என்பது கண்ணாடியிலும் கல்யாண ஆல்பத்திலும் அடுத்தவர் கண்ணிலும் தெரிவது.

மூன்றுக்கும் தொடர்பு உண்டு. ஆனால் மூன்றும் ஒன்றல்ல. ஒடிசலான பெண்ணுக்குச் சர்க்கரை நோய் இருக்கலாம். பருமனான பெண் இரண்டு கேனையும் அசராமல் மாடிக்கு ஏற்றிவிடலாம். பெண் என்று வந்ததும் மட்டும் மூன்றையும் சேர்த்து எடை மெஷினில் தெரியும் ஒரே எண்ணுக்குள் அடக்கிவிடுகிறோம். அதிலும் பேசப்படுவது தோற்றம், போட்டுக்கொள்ளும் பெயர் ஆரோக்கியம். “உன் ஹெல்த்துக்காகத்தான் சொல்றேன்” என்கிற எத்தனை பேர் “ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கு?” என்று கேட்டிருக்கிறார்கள்?

## நமக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் பார்வையாளர்

முதலில் தெரிய வேண்டிய சொல் உடல் பிம்பம். தன் உடம்பைப் பற்றி ஒருவர் மனத்துக்குள் வைத்திருக்கும் படம், அந்தப் படத்தின்மேல் அவருக்கு இருக்கும் உணர்வு, இரண்டும் சேர்ந்தது இது. கண்ணாடி காட்டுவதும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

இது எப்படி உருவாகிறது? பஸ்ஸைப் பிடிக்க ஓடும் ஒரு கல்லூரிப் பெண்ணைக் கவனியுங்கள். ஒரு கை பையில். இன்னொரு கை துப்பட்டாவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருக்கும். காலை வீசி ஓடாமல் சின்னச் சின்ன அடியாக ஓடுவாள். ஏறியதும் முதல் வேலையாகப் பின்பக்கம் குர்தியை இழுத்துவிடுவாள். அவள் கவனத்தில் பாதிதான் பஸ்ஸின்மேல். மீதிப் பாதி, தான் ஓடுவது பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும் என்பதில் இருக்கிறது. அதே பஸ்ஸுக்கு ஓடும் பையனுக்கு பஸ் மட்டும்தான் தெரியும்.

அமெரிக்க உளவியலாளர்கள் பார்பரா ஃபிரெட்ரிக்சனும் டோமி-ஆன் ராபர்ட்ஸும் 1997இல் இதற்கு ஒரு கோட்பாடு தந்தார்கள். சின்ன வயதிலிருந்து உடம்பை வைத்தே அளக்கப்படும் பெண், காலப்போக்கில் அந்த வெளிப்பார்வையைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறாள். பிறகு பார்க்க ஆளே இல்லாவிட்டாலும் தன்னைத் தானே வெளியிலிருந்து பார்த்து மதிப்பெண் போட்டுக்கொண்டிருப்பாள். இதைத் ‘தன்னைப் பண்டமாகப் பார்த்தல்’ என்று சொல்லலாம்.

அடுத்த ஆண்டு அவர்களும் சக ஆய்வாளர்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களைத் தனித்தனியாக, கண்ணாடி வைத்த ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். சிலருக்கு ஸ்வெட்டர், சிலருக்கு நீச்சலுடை. அதைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்து கணக்குத் தேர்வு எழுத வேண்டும். நீச்சலுடையில் இருந்த பெண்கள், ஸ்வெட்டர் போட்ட பெண்களைவிடக் குறைவாக மதிப்பெண் எடுத்தார்கள். ஆண்களிடம் அந்தச் சரிவு இல்லை. தன் உடம்பைக் கண்காணிப்பதும் ஒரு வேலை, அந்த வேலையும் மூளையில் இடம் பிடிக்கும் என்பதுதான் அவர்கள் தந்த விளக்கம்.

அந்த உள்பார்வையாளரின் ரசனை எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஃபிஜித் தீவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே நன்றாகச் சாப்பிட்டு வாட்டசாட்டமாக இருப்பதுதான் வழிவழியாக வந்த அழகு. இளைத்துப்போனால், கவனிக்க ஆளில்லையோ என்று ஊர் கவலைப்படும். நாட்ரோகா என்ற பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. வந்த புதிதிலேயே, ஆன் பெக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் அங்குள்ள பள்ளி மாணவிகளிடம் விசாரித்தார். எடையைக் குறைக்க வாந்தி எடுப்பதாக ஒருவர்கூடச் சொல்லவில்லை. 1998இல் மறுபடி போய் அதே வயது மாணவிகளைக் கேட்டபோது 11.3 சதவீதம் பேர் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் அறுபது சொச்சம் மாணவிகள்தான், சின்ன ஆய்வு. ஆனாலும் மூன்றே வருடம்.

நாம் ஃபிஜிவரை போக வேண்டியதுகூட இல்லை. 1990களின் தொடக்கத்தில், பூசினாற்போல் இருந்த கதாநாயகியைக் கொண்டாடி இட்லிக்குக் குஷ்பு பெயரை வைத்த ஊர் இது. மிக ஒல்லியாக இருப்பதே அழகு என்கிற ‘சைஸ் ஜீரோ’ பேச்சு அதன் பிறகு இங்கே வந்து சேரப் பதினைந்து, இருபது வருடம்கூட ஆகவில்லை. அந்த இடைவெளியில் தமிழ்ப் பெண்களின் எலும்புச் சட்டகம் ஒன்றும் மாறிவிடவில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: உடல் பிம்பம் பிறவியில் வருவதில்லை. சுற்றியுள்ள பார்வைகளைப் பெண் தனக்குள் வாங்கிக்கொள்வதால் அது உருவாகிறது. அந்தக் கண்காணிப்புக்கு அவள் கவனத்திலிருந்து ஒரு பங்கு தினமும் போய்க்கொண்டே இருக்கிறது.

## பிஎம்ஐ என்ற எண்

இப்போது அந்த எண்ணுக்கு வருவோம். எடையை (கிலோவில்) உயரத்தால் (மீட்டரில்) இரண்டு முறை வகுத்தால் வருவது உடல் நிறை குறியீட்டெண். எல்லோருக்கும் பழகிய பெயர் பிஎம்ஐ.

இந்தக் கணக்கின் மூலத்தை 1830களில் போட்டவர் அடால்ஃப் கெட்லே. பெல்ஜியத்துக்காரர், வானியலாளர், புள்ளியியலாளர். ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்று தேடினார். தனிப்பட்ட ஒருவருக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்க அவர் இதைச் செய்யவில்லை. அந்தச் சூத்திரத்தைத் தூசு தட்டி எடுத்து, 1972இல் இன்றைய பெயரைச் சூட்டியவர் ஆன்சல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர். அதற்காக ஐந்து நாடுகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் அளவுகளை ஆராய்ந்தார். அத்தனை பேரும் ஆண்கள். இன்று உலகெங்கும் பெண்களை மிரட்டும் எண், பெண்களை அளக்காமலே பெயர் வாங்கியது.

அப்படியென்றால் பிஎம்ஐ குப்பையா? இல்லை. ஒரு மாநிலம், ஒரு நாடு என்ற அளவில் போக்கைப் பார்க்க அது மலிவான, பயனுள்ள கருவி. தனி ஆளின் விஷயத்தில்தான் தடுமாறுகிறது. 155 சென்டிமீட்டர் உயரம், 60 கிலோ எடை உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பிஎம்ஐ 24.97. உலக அளவில் 25க்கு மேல் போனால்தான் அதிக எடை, எனவே அவர் ‘நார்மல்’. இந்திய வழிகாட்டுதல்படி 23லேயே அதிக எடை தொடங்கிவிடுகிறது. அதே பெண், அதே காலை, வேறு முடிவு.

இந்தியாவுக்குத் தனிக் கோடு போட்டதற்கும் காரணம் இருக்கிறது. ஒரே பிஎம்ஐ உள்ள ஐரோப்பியரையும் இந்தியரையும் ஒப்பிட்டால் நம்மிடம் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அதுவும் வயிற்றுக்குள், உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு. சர்க்கரைக்கும் இதயத்துக்கும் ஆகாதது அதுதான். அதனால்தான் டாக்டர்கள் இடுப்புச் சுற்றளவையும் டேப் வைத்துப் பார்க்கிறார்கள். நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 என்பது எச்சரிக்கைக் கோடு. தொடையில் சதை இருப்பதற்காகக் கண்ணீர் விடும் பெண்களும், ஒல்லிக் கை காலோடு வயிறு மட்டும் முன்னால் நிற்கும் கவலையில்லாத ஆண்களும் ஒரே வீட்டில் இருப்பார்கள். டாக்டர் முதலில் கூப்பிட வேண்டியது யாரை என்று உங்களுக்கே புரியும்.

## பட்டினியை உடம்பு மறப்பதில்லை

“வாயைக் கட்டினா எடை தானா குறையும்” என்பது நாம் அதிகம் கேட்கும் அறிவுரை. முதல் சில மாதங்களுக்கு அது உண்மைதான். அதற்குப் பிறகு நடப்பதுதான் யாரும் சொல்லாத பகுதி.

பிஎம்ஐக்குப் பெயர் வைத்த அதே ஆன்சல் கீஸ், அதற்குப் பல வருடம் முன்பே மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடத்தியிருந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலம். போரிட மனசாட்சி இடம் தராத 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். ஆறு மாதம் அவர்களுக்குப் பாதி வயிற்றுச் சாப்பாடு, நாளுக்கு ஏறக்குறைய 1,570 கலோரி. தினமும் நிறைய நடக்கவும் வைத்தார்கள். உடல் எடையில் கால்வாசி போனது. அதோடு வேறு சிலவும் போயின. எப்போதும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் குறிப்புகளைச் சேகரித்து உட்கார்ந்து படித்தார்கள். தட்டை நக்கினார்கள். கோடையிலும் குளிர்கிறது என்றார்கள். எரிச்சல், சோர்வு, எதிலும் நாட்டமின்மை. சாப்பாடு திரும்பக் கிடைத்தபோது பலரால் நிறுத்தவே முடியவில்லை.

வாட்ஸ்அப்பில் சுற்றும் டயட் சார்ட்டுகள் பெண்களுக்குச் சொல்வது பெரும்பாலும் 1,200 கலோரி. பெண்ணின் தேவை அந்த இளைஞர்களின் தேவையைவிடக் குறைவு என்பதால் நேரடியாக ஒப்பிடக்கூடாது. ஆனாலும், டயட்டில் இருக்கும் பெண் ராத்திரி பத்து மணிக்கு பிரியாணி வீடியோவாகப் பார்த்துத் தள்ளுகிறாள் என்றால் அது சபலம் இல்லை. அந்த இளைஞர்களைச் சமையல் குறிப்பு படிக்க வைத்த அதே பசிதான்.

உள்ளே நடப்பதைப் பார்ப்போம். சாப்பிட்டதைச் சக்தியாக்கிச் செலவழிக்கும் மொத்த வேலைக்கும் பெயர் வளர்சிதை மாற்றம். அதில் பெரும்பங்கு, நாம் சும்மா படுத்திருந்தாலும் இதயம், மூளை, கல்லீரல் ஓடுவதற்கே போகிறது. இப்போது சாப்பாடு திடீரெனக் குறைகிறது. சம்பளம் பாதியான வீடு என்ன செய்யுமோ அதைத்தான் உடம்பும் செய்கிறது. முதலில் சேமிப்பில் கை வைக்கும், எடை குறையும். கொஞ்ச நாளில் செலவைச் சுருக்க ஆரம்பிக்கும். விளக்கை அணைக்கும், ஏசியை நிறுத்தும். பழையபடி சம்பளம் வந்தாலும் பயம் போகாது, வருவதில் ஒரு பங்கை முதலில் எடுத்து வைத்துவிடும். உடம்பின் இந்தச் சிக்கனத்துக்கு வளர்சிதைத் தகவமைப்பு என்று பெயர்.

அதோடு பசியும் கூடும். கொழுப்புத் திசு லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து, இருப்பு எவ்வளவு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். 1994இல் கண்டுபிடிக்கப்பட்டது இது. கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறையும், மூளை பஞ்சம் என்று எடுத்துக்கொள்ளும்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடைக் குறைப்புப் போட்டி ஒன்று நடந்தது. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்த ஆய்வு 2016இல் வெளியானது. ஒருவரைத் தவிர எல்லோருக்கும் இழந்த எடையில் ஒரு பகுதியாவது திரும்பியிருந்தது. அவர்கள் உடம்பு சும்மா இருக்கும்போது செலவழிப்பது, அந்த அளவு உடம்புக்கு எதிர்பார்ப்பதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. ஆறு வருடத்துக்குப் பிறகும்.

இப்போது வந்திருக்கும் எடைக் குறைப்பு ஊசிகளும் இதையே வேறு திசையிலிருந்து காட்டுகின்றன. எடைக்கென்றே வந்த ஊசிகள் இந்தியச் சந்தைக்கு 2025இல் வந்தன. குடல் ஹார்மோனைப்போல் நடித்து, வயிறு நிறைந்துவிட்டது என்று மூளையை நம்பவைக்கும் மருந்து அது. போட்டுக்கொள்கிறவரின் மனஉறுதி ஒரே வாரத்தில் வளர்ந்துவிடவில்லை, பசிதான் அடங்கியது. ‘சுயகட்டுப்பாடு இல்லாதவள்’ என்று இத்தனை காலம் கேட்டுவந்த பெண்ணிடம் யாரோ ஒருவர் இதைச் சொல்லியாக வேண்டும். (மருந்தின் விலை, பக்கவிளைவு, கொழுப்போடு தசையும் கரைவது எல்லாம் தனிக் கதை. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்னால் போட்டுக்கொள்ளும் சமாச்சாரம் இல்லை அது.)

ஆக, கடும் பட்டினியால் குறையும் எடை திரும்பி வருவது உடம்பின் தற்காப்பு. அதைக் குணக்கேடாகப் பார்க்கும் வழக்கத்தால்தான் ஒரே பெண் வருடத்துக்கு ஒரு டயட் என்று மாறிக்கொண்டே இருக்கிறாள்.

## ஏன் மொட்டை மாடி?

தமிழ்நாட்டில் மாலை ஆறரை மணிக்கு ஏதாவது ஒரு மொட்டை மாடியில் ஏறிப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே தரையில் பெயின்ட்டால் பெரிதாக ஓர் எட்டு வரைந்திருக்கும். நைட்டியின்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, ஐம்பது வயதுப் பெண் ஒருவர் அதன்மேல் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருப்பார். எட்டு நடையால் தீராத நோயே இல்லை என்கிறார்கள். அதெல்லாம் மிகை, ஆனால் நடை நடைதான். என் கேள்வி வேறு. தெரு நீளமாகத்தானே கிடக்கிறது, இவர் ஏன் பத்தடிக்குள் சுற்றுகிறார்?

கேட்டால் காரணங்கள் வரிசையாக வரும். நாய். விளக்கு எரியாத தெரு. கழுத்தில் தாலிச் செயின், பைக்கில் வருகிறவன் அறுத்துக்கொண்டு போய்விடுவான். டீக்கடை வாசலில் நிற்கிறவர்கள். “இந்த வயசுல ஷூ போட்டுக்கிட்டு எங்க கிளம்பிட்டீங்க?” என்கிற எதிர் வீட்டம்மா. எல்லாவற்றுக்கும் மேல், குக்கரில் மூன்றாவது விசில் வந்தால் இறங்கி ஓட மாடிதான் வசதி.

இந்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வுப்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையைப் பெண்களில் 81 சதவீதம் பேர் செய்கிறார்கள், நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம். ஆண்களில் செய்வதே 26 சதவீதம் பேர், செய்கிறவர்களும் 97 நிமிடம். இன்னொரு பக்கம் உலக அளவில் 2022ஆம் ஆண்டுக்கு எடுத்த மதிப்பீடு, போதிய உடலுழைப்பு இல்லாத இந்தியப் பெண்கள் 57 சதவீதம், ஆண்கள் 42 சதவீதம் என்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓய்வில்லாமல் ஓடுகிறவர்களே உடற்பயிற்சி போதாதவர்களாகவும் இருக்கிறார்கள்.

“வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே?” சிங்க் முன்னால் அரை மணி நேரம் நிற்பதில் இதயத் துடிப்பு ஏறாது, முழங்கால்தான் வலிக்கும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடமாவது கொஞ்சம் மூச்சு வாங்குகிற உழைப்பு, இரண்டு நாள் தசைப் பயிற்சி. அதே நேரம், நாள் முழுக்க நாற்று நடுகிற பெண்ணிடம் போய் 150 நிமிடக் கணக்கைச் சொல்வது அபத்தம். அவருக்குத் தேவை ஓய்வும் தட்டில் ஒரு முட்டையும். வர்க்கத்தை மறந்துவிட்டுப் பெண் உடம்பைப் பற்றிப் பேசினால் ஜிம் விளம்பரத்தில்தான் போய் முடியும்.

தட்டையும் பார்க்க வேண்டும். தேசிய குடும்ப நல ஆய்வின் 2019–21 சுற்றில், தமிழ்நாட்டுப் பெண்களில் (15 முதல் 49 வயது) 40 சதவீதம் பேருக்கு பிஎம்ஐ 25 அல்லது அதற்கு மேல். அதே ஆய்வில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. எடை கூடியிருக்கும், இரத்தம் குறைந்திருக்கும், இரண்டும் ஒரே பெண்ணிடம் இருப்பது சாதாரணம். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு சோறும் குழம்புத் தண்ணீரும்தான் மிச்சம் என்றால் கலோரி வரும், புரதமும் இரும்புச் சத்தும் வராது. இரத்தசோகையால் வரும் அசதிக்கு வீட்டில் வைத்த பெயர் சோம்பேறித்தனம். அதன்மேல் டயட் என்று கஞ்சியும், சாப்பாட்டோடு கிரீன் டீயும். அந்த டீயோ இருக்கிற இரும்புச் சத்தும் உடம்பில் சேராமல் தடுக்கிறது.

அதனால்தான் பெண்ணியப் பார்வை எடையைப் பேசும்போது நேரத்தையும் தெருவிளக்கையும் தட்டையும் சேர்த்துப் பேசுகிறது. ராத்திரி சப்பாத்தியை வேறு யாராவது போட்டால், அது அந்த வீட்டின் முதல் உடற்பயிற்சித் திட்டம்.

## “வெயிட் தூக்கினா ஆம்பளை மாதிரி ஆயிடுவ”

பெண்ணின் உடம்பு தாங்காது என்ற பேச்சுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். முடிவில் பலர் மயங்கி விழுந்ததாகப் பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கின. போட்டியையே எடுத்துவிட்டார்கள், திரும்பி வந்தது 1960இல். 1967 பாஸ்டன் மாரத்தானில் கேத்ரின் சுவிட்சர் 261 என்ற எண்ணோடு ஓடியபோது, போட்டி அதிகாரி ஒருவர் தொடங்கிய சில மைல்களிலேயே பாய்ந்து அந்த எண்ணைப் பிடுங்கப் பார்த்தார். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்தது 1984இல்தான். ஓடினால் கர்ப்பப்பை கெட்டுவிடும் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்கள், தலையில் தண்ணீர்க் குடம் சுமந்த பெண்களைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

வெயிட் தூக்கினால் ஆண் போல ஆகிவிடுவோம் என்ற பயத்துக்கு உடலியலில் இடமில்லை. பெரிய தசைகளுக்கு முக்கியக் காரணமான டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன், பெண்களிடம் ஆண்களில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. நமக்கு வருவது பலம்தான், பயில்வான் உடம்பு அவ்வளவு சுலபத்தில் வராது.

வெயிட் தூக்குவதில் முக்கியமான லாபம் வேறு. சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை அதிகம் உள்வாங்குவது தசை. பயிற்சி செய்த தசை இன்சுலினுக்கு நன்றாகப் பதில் சொல்லும். எடை ஒரு கிலோகூடக் குறையாவிட்டாலும் இந்தப் பலன் கிடைக்கும். எலும்புக்கும் அப்படித்தான். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால் எலும்பு வேகமாகத் தேயும். பாரம் தூக்கும் பயிற்சி அதைத் தாமதப்படுத்தும். அறுபது வயதில் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு உடைவதற்கும், வெறும் சிராய்ப்போடு எழுந்துகொள்வதற்கும் நடுவே இருப்பது நாற்பது வயதில் தூக்கிய வெயிட்டாக இருக்கலாம்.

ஜிம்மில் ஒரு மாதம் போய்விட்டு, “ஒரு கிலோ கூட இறங்கல, வேஸ்ட்” என்று நிறுத்தும் பெண்கள் ஏராளம். உடற்பயிற்சியால் மட்டும் எடை பெரிதாக இறங்காது என்பதை அவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்த ஒரு மாதத்தில் உட்காரும் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடிந்திருக்கும். அதை எந்த மெஷினும் காட்டாது.

## பெண்ணியத்துக்குள்ளேயே ஒரு சண்டை

எந்த உடம்பையும் அப்படியே ஏற்று நேசி என்கிற, ‘பாடி பாசிட்டிவிட்டி’ என்று இன்று புழங்கும் பேச்சின் வேர், 1960களின் கடைசியில் அமெரிக்காவில் பருமனானவர்கள்மேல் வேலையிலும் மருத்துவத்திலும் காட்டப்பட்ட பாகுபாட்டை எதிர்த்துத் தொடங்கிய இயக்கத்தில் இருக்கிறது. பிறகு அழகுசாதன நிறுவனங்கள் அதை வாங்கிக்கொண்டன. ‘உன் உடம்பை நேசி’ என்ற வாசகத்தோடு இப்போது க்ரீம் விற்கிறார்கள். நேசிக்க முடியாத நாளில் அதற்கும் ஒரு குற்றவுணர்ச்சி.

எடையைக் குறைக்க ஆசைப்படுவதே அடிபணிவதுதான் என்று சொல்லும் பெண்ணியவாதிகள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ள பெண்ணுக்கு எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே மாதவிடாய் சீராக வாய்ப்பு இருக்கிறது. அந்த நோயில் பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் எடை குறைப்பதே கூடுதல் கஷ்டம் என்பதும் உண்மை. அவருக்கு வேண்டியது உதவி. பாராட்டும் வேண்டாம், வசையும் வேண்டாம். உடம்பைக் கொண்டாடவும் வேண்டாம், வெறுக்கவும் வேண்டாம், அது செய்யும் வேலையைக் கவனி என்று சொல்லும் ஒரு நடுநிலைப் பேச்சும் இப்போது வந்திருக்கிறது. திங்கட்கிழமை காலையில் அது எனக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒத்துவருகிறது.

## டாக்டர் அறையில்

பருமனான பெண் முழங்கால் வலி என்று போனால், முழங்காலைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே “வெயிட்டைக் குறைங்கம்மா” என்று சீட்டு எழுதப்படுவது பலருக்கும் நடந்திருக்கும். அறிவுரை தப்பில்லை, எடை குறைந்தால் மூட்டுக்கு நல்லதுதான். ஆனால் பரிசோதனை நடக்கவில்லை. இப்படி இரண்டு முறை ஆனவர் மூன்றாம் முறை டாக்டரிடமே போக மாட்டார்.

அந்த இடத்தில் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. மரியாதையாகவே கேட்கலாம்: “டாக்டர், இதே வலியோட ஒல்லியா ஒருத்தர் வந்தா நீங்க என்ன செய்வீங்க?” அவருக்கு எக்ஸ்ரே எடுத்திருப்பார். தொடை முன்தசையை வலுவாக்கும் பயிற்சிக்குப் பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பியிருப்பார். வைட்டமின் டி பார்த்திருப்பார். அதையெல்லாம் இவருக்கும் செய்யச் சொல்லலாம். எடையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு வரட்டும். வரும்போது இடுப்புச் சுற்றளவு, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, தைராய்டு, ஹீமோகுளோபின் எல்லாவற்றின் ரிப்போர்ட்டும் மேசைமேல் இருக்கட்டும்.